பவித்ராவின் முழு வருகை

எங்கள் வகுப்பில் யார் கெட்டிக்காரி என்று கேட்டால், எட்டாம் வகுப்பில் நான் யோசிக்காமல் என் பெயரைத்தான் சொல்லியிருப்பேன். கொரோனாவுக்காகப் பள்ளியை மூடியபோது இந்த எண்ணம் இன்னும் முற்றிப்போனது. காரணம், அப்பாவின் டச் போன். நெய்து முடித்த சேலையைப் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்ப வாங்கியது. வாட்ஸ்அப்பில் பாடம் வர ஆரம்பித்ததும் காலையில் இரண்டு மணி நேரம் அது என்னுடையது. முதலாளியே கூப்பிட்டாலும், "கிளாஸ்ல இருக்கேங்க, அப்பால பண்ணுங்க" என்று வைத்துவிடுவேன். அடேயப்பா, என்ன திமிர்!

என் சிநேகிதி பவித்ராவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் ஊர் தேவிகாபுரம் போகிற வழியில் ஒரு கிராமம். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பட்டன் போன், அதுவும் அவள் அம்மாவோடு கூலி வேலைக்குப் போய்விடும். டீச்சர் தினமும் குரூப்பில் வருகை எடுப்பார். வராதவர்கள் பெயருக்கு நேராகச் சிவப்பில் பெருக்கல் குறி விழும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் அவளுக்கு அது விழுந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆரணியில் எங்கள் நெசவுத் தெருவில் யாரையும் இப்படி விட்டுவிட மாட்டார்கள். விடியற்காலையில் தறியில் ஏற்றும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டும்போது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கைகொடுக்க வேண்டும். ஒரு வீட்டில் ஆள் இல்லை என்றால், "அவுங்க வூட்டுக்கும் சேத்து நானே புடிக்கிறேன்" என்று பக்கத்து வீட்டுக்காரர் நிற்பார். அப்புறம் அந்த வீடு வரவில்லை என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நானும் பவித்ராவுக்காக அப்படி நின்றேன்.

"பவித்ரா மூணு நாளு முன்னாடியே அவுங்க அத்தை வூட்டுக்கு ஆரணி வந்துட்டா டீச்சர். என் பக்கத்துலதான் பாத்துகினு இருக்கா" என்று பேசிப் பதிந்து அனுப்பினேன். டீச்சர் நம்பி, அந்த மூன்று பெருக்கல் குறிகளையும் அழித்துவிட்டார். தினமும் என் பெயரோடு அவள் பெயரையும் சொல்லி, அவளுடைய வீட்டுப்பாடத்தை இடது கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். "பவித்ராவை எழுத்தைத் திருத்தச் சொல்" என்று பதில் வந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன்.

கொஞ்ச நாளில் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, போன் இல்லாத பிள்ளைகளுக்கென்று ஆறு போன் வாங்கிக் கொடுத்தார்கள். டீச்சர் வருகைப் பட்டியலைப் பார்த்து, பெருக்கல் குறி அதிகம் விழுந்த ஆறு பேரின் வீடு தேடிப் போய்க் கொடுத்தார். பவித்ராவின் பெயரும் குரூப்பில் வந்தது, ஒரு நாளும் தவறாமல் வந்தவர்கள் வரிசையில். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பள்ளி திறந்த முதல் வாரம், டீச்சர் ஒரு கணக்கைப் போட பவித்ராவைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். அவள் சாக்பீஸைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"ஒரு நாள்கூட லீவு போடல, இதுகூடவா தெரியல? போனை வச்சிகினு இன்னா பண்ணிகினு இருந்தீங்க ரெண்டு பேரும்?"

பவித்ரா திரும்பி என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சரியா கவனிக்கல டீச்சர்" என்றாள். பீரியட் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தாள். சிநேகிதி என்றால் இவளல்லவா என்று எனக்கு மனசு குளிர்ந்துபோனது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மதியச் சாப்பாட்டின்போது நான் செய்ததையெல்லாம் அவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன், இடது கை விஷயம் உட்பட. அவள் சிரிக்கவில்லை.

"எங்க எதுத்த வூட்டுப் பையனுக்குப் போனு குடுத்தாங்க. அன்னிக்கி நானும் அம்மாவும் களை எடுக்கப் போயிட்டோம். டீச்சர் எங்க வூட்டத் தாண்டித்தான் போனாங்களாம்" என்றாள். பிறகு, "ஒண்ணுமே புரியல. இந்த வருசத்தோட நின்னுடுன்னு அம்மா சொல்றாங்க" என்றாள்.

"அதுக்கின்னா இப்போ? நான் சொல்லித் தரேன். உன் பேரு வுட்டுப்போவாம நான்தான காப்பாத்தினேன்?"

"ஆமா" என்றாள் பவித்ரா. பாதிச் சோற்றோடு எழுந்து தட்டைக் கழுவப் போனாள். அந்த 'ஆமா'வை நான் நன்றி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.