முடியாது என்று சொல்லத் தெரியாத மின்னஞ்சல்

“ரெண்டு சாஃப்ட்வேர் இருக்குதுங்க அக்கா. எது நமக்கு ஒத்துவரும்னு நானே பாத்து முடிவு பண்ணிடறேனுங்க” என்று எங்கள் பனியன் கம்பெனி முதலாளியிடம் நான் சொன்னபோது, யாராவது என் வாயில் ஒரு கோன் நூலைத் திணித்திருக்கலாம். திணிக்கவில்லை. வாயில் இருந்தது வெங்காய போண்டா. அது பேச்சைத் தடுக்கவில்லை, கொஞ்சம் தெறிக்க மட்டும் வைத்தது.

முதலாளியை கேட் காவலர் முதல் பேக்கிங் பெண்கள் வரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் அங்கே மெர்ச்சண்டைசர். அதாவது, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர் தையல் மெஷினுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்குச் சம்பளம் பெறுகிறவன். அதுவரை இடைத்தரகர்கள் மூலம் வந்துகொண்டிருந்த ஆர்டர்கள் மெலிந்துபோயிருந்தன. மேல்மாடியில் பாதி மெஷின்கள் துணி போர்த்திக்கொண்டு தூங்கின. இந்த சீசனுக்குள் நேரடியாக ஒரு பையராவது கிடைக்காவிட்டால் மேல்மாடியை வாடகைக்கு விட்டுவிடுவதாக அக்கா சொல்லிவிட்டார். என் மேசையும் மேல்மாடியில்தான் இருந்தது, நல்ல ஃபேனுக்கு நேர் கீழே. கம்பெனியின் எதிர்காலத்தை நினைத்துத்தான் கவலைப்பட்டேன் என்று சொன்னால் அந்த ஃபேனே சிரிக்கும்.

முதல் சாஃப்ட்வேர் விளம்பர மின்னஞ்சல் அனுப்புவது. மைக் செட் கட்டிய ஆட்டோ மாதிரி. ஒரே சேதியை ஊர் முழுக்கக் கத்திக்கொண்டு போகும். பின்னாலிருந்து யாராவது கைதட்டிக் கூப்பிட்டாலும் நிற்காது. இரண்டாவது, ஏஐ ஏஜென்டுக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வாங்கிக் கொடுப்பது. வருகிற மெயிலை அதுவே படிக்கும், முன்னே பேசியதை ஞாபகம் வைத்துக்கொள்ளும், பதிலும் அதுவே எழுதும்.

நான் ஆட்டோவில் ஏறினேன். அதில் வந்த படங்கள் கலர் கலராக இருந்தன என்பதைத் தவிர வேறு ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. கம்பெனி கம்ப்யூட்டரில் இருந்த முகவரிகள் அத்தனையையும் வாரி அதில் கொட்டினேன். அதில் பையர்களோடு சாயப்பட்டறைக்காரரும், அட்டைப்பெட்டிக்காரரும், அக்காவின் பங்காளிகள் நடத்தும் கம்பெனிகளும் கலந்திருந்ததைக் கவனிக்கவில்லை. ‘அன்புள்ள வாடிக்கையாளரே, எங்கள் புதிய குழந்தை உடுப்புகளைக் கண்டு மகிழுங்கள்’ என்று எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

யார் யார் திறந்து பார்த்தார்கள் என்று அந்த சாஃப்ட்வேர் வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும். புள்ளியாகக் குவிந்திருந்தது. அக்காவிடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

“ஏங் கண்ணு, புள்ளி பூராவும் சோமனூருக்கும் சேவூருக்கும் நடுவாலயே இருக்குது? சேவூருல ஆரு நமக்கு பையரு?”

“அது வந்துங்க... நூல்காரரு ஊடுங்க அக்கா.”

அக்காவின் போன் அடித்தது. பங்காளி ஒருவர். ஸ்பீக்கரில் போட்டார். “ஏனுங்க, எங்களுக்கே பனியன் விக்கற அளவுக்கா சீசன் டல்லாப் போச்சு? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க வந்து பாத்திருக்க மாட்டமுங்களா?” குரலில் துக்கம் விசாரிக்கிற மரியாதை இருந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அது கொஞ்சமும் இல்லை.

ஆனாலும் அந்தக் குவியலில் உண்மையான பதில் ஒன்று வந்திருந்தது. குளிர்நாடு ஒன்றில் சின்னதாகக் குழந்தை உடுப்புக் கடை நடத்தும் பெண்மணி, கைக்குழந்தைக்கு மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த ரோம்பர் உடுப்பு பற்றிக் கேட்டிருந்தார். நான் புள்ளிகளை ரசித்துக்கொண்டிருந்ததால் அந்த மெயில் ஒரு மூலையில் நாள்கணக்காகக் கிடந்தது. ஆட்டோ நிற்காது என்று சொன்னேனே, அதுதான். உடனே ஆட்டோவிலிருந்து குதித்து ஏஜென்டுக்கு மாறினேன்.

ஏஜென்ட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முதலில் நாம் எழுதிக்கொடுக்க வேண்டும். நான் இப்படி எழுதினேன்: ‘பையரிடம் மரியாதையாகப் பேசு. முடியாது என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதே.’

எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு இதில் தப்பே தெரியாது. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் பழக்கம் எங்களிடம் இல்லை. எதைக் கேட்டாலும் ‘பண்ணிக்கலாங்க’தான். சட்டென்று சொன்னால் வேலை நடக்கும். ‘பண்ணிக்கலா...ங்க’ என்று இழுத்து, பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பினால் நீங்கள் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வது நல்லது. கேட்டவருக்கும் அது புரியும். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். ஏஜென்டுக்கு இழுக்கவும் தெரியாது, திரும்பிப் பார்க்க ஜன்னலும் கிடையாது.

ரோம்பருக்கு மரத்தில் பட்டன் வைக்க முடியுமா என்று அந்தக் கடைக்கார அம்மணி கேட்டார். கண்டிப்பாக என்றது ஏஜென்ட். நிறத்துக்கு ஒரு கைப்பிடி துணி வீதம் பத்து நிறத்தில் வேண்டும் என்றார். மகிழ்ச்சியோடு என்றது. நெஞ்சில் இருக்கும் யானைப் படம் துவைக்கத் துவைக்க இன்னும் பளிச்சென்று ஆகுமா என்றார். ஆகும் என்றது. நான் தினமும் காலையில் வந்து அந்த மெயில்களின் மரியாதையை மட்டும் ரசித்துவிட்டு, ஃபேனைக் கூட்டி வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் அவர் எழுதினார்: ‘எதைக் கேட்டாலும் சரி என்கிறீர்கள். உங்களால் செய்ய முடியாத ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகுதான் ஆர்டர் பற்றி யோசிப்பேன்.’

ஏஜென்ட் நொடியில் பதில் போட்டிருந்தது: ‘நிச்சயமாக! அதையும் சிறப்பாகச் செய்து தருகிறோம்.’

அதற்குக் கீழே அவருடைய ஒற்றை வரி: ‘அங்கே மனிதர்கள் யாராவது இருக்கிறீர்களா?’

படியில் நான் இறங்கினேன் என்பதைவிட உருண்டேன் என்பது சரி. அக்காவின் அறையில் கட்டிங் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கம்பெனியில் முடியாது என்று வாய்விட்டுச் சொல்லும் ஒரே ஜீவன். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டாலும் முதலில் முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் குடிப்பார். மெயில்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.

“மரத்துல பட்டனா? பச்சப்புள்ள பிய்ச்சு முழுங்கிரும்வே. பத்துக் கலரா? கைப்பிடித் துணிக்கு எவன்வே சாயம் போடுவான்? துவைக்கத் துவைக்கப் பளிச்சுனு ஆகுறதுக்கு அது என்ன, எவர்சில்வர் யானையா?”

அக்கா வாய்மேல் முந்தானையை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு முகத்தை முதலாளி ஆக்கிக்கொண்டு, “கண்ணு, இத அப்படியே எழுது. உன்ற மிஷினு வேண்டாம். நீயே எழுது” என்றார்.

எழுத உட்கார்ந்தேன். முடியாது என்று அடிக்கப் போனால் விரல் தானாகவே ‘முழு முயற்சி செய்கிறோம்’ என்று அடித்தது. மாஸ்டர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

“அத அழியும்வே.”

அழித்தேன். ‘சற்றுச் சிரமம்தான், இருந்தாலும்...’

“இதையும் அழியும். மிஷினுக்கும் உமக்கும் ஒரே வியாதில்லா!”

கடைசியில், எங்கள் கட்டிங் மாஸ்டர் சொன்னதாகவே மூன்று முடியாதுகளும் அதனதன் காரணமும் போய்ச் சேர்ந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டுதான் அனுப்பினேன். அன்று போண்டா இறங்கவில்லை.

மறுநாள் அவரிடமிருந்து பதில் வந்தது: ‘நன்றி. இப்போதுதான் ஒரு கம்பெனியோடு பேசுவது போல இருக்கிறது. சாதா பிரஸ் பட்டன், மூன்றே நிறம், யானை யானையாகவே இருக்கட்டும். குளிர் தொடங்கும் முன் கப்பல் ஏற்ற முடியுமா? முடியாது என்கிறவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். அவர் முடியும் என்றால் ஆர்டர் உங்களுக்கு.’

அதைப் படித்துக் காட்டியதும் மாஸ்டர் நேரே மேல்மாடிக்குப் போனார். அக்காவும் நானும் பின்னாலேயே போனோம். ஒவ்வொரு மெஷினாகத் துணியை விலக்கிப் பார்த்தார். ஊசியைத் தொட்டார். உதட்டைப் பிதுக்கினார். மேல்மாடியின் உயிர் அந்த உதட்டில் தொங்கியது.

“முடியும்.”

அக்காதான் முதலில் கேட்டார்: “மாஸ்டரே, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?”

“முடியும்னா முடியும்க்கா. டீ சொல்லச் சொல்லுங்க.”

டீ வேண்டுமென்று அவரே கேட்டது அன்றுதான். நான் ஓடிப்போய் அந்த ஒரே வார்த்தையை அடித்து அனுப்பினேன். ஆர்டர் வந்தது. ஏஜென்டை நிறுத்தவில்லை, அது இப்போதும் பதில் எழுதுகிறது. ஆனால் சரி என்று எழுதுவதற்கு முன் மாஸ்டரின் போனுக்கு வந்து கைகட்டி நிற்க வேண்டும் என்று விதியை மாற்றி எழுதியிருக்கிறேன். விளம்பர ஆட்டோவை ஷெட்டில் விட்டாயிற்று. பங்காளி மட்டும் ஆறுதல் சொல்ல ஒரு டஜன் ஆப்பிளோடு வந்துவிட்டுப் போனார்.

மேல்மாடி முழுக்க மெஷின்கள் ஓடத் தொடங்கிய அன்று அக்கா என் மேசை அருகில் வந்து நின்றார்.

“கண்ணு, ரோம்பருக்கு இன்னும் நாலு மிஷின் போடோணும். உன்ற மேசையக் கீழ மாடிப்படிக்கு அடியில மாத்திக்கலாங்களா?”

“மாத்திக்கலா...ங்க அக்கா” என்றேன். எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தேன். பார்வையை ஜன்னல் பக்கம் நன்றாகவே திருப்பினேன். எங்கள் ஊர்க்காரர், புரியாமல் இருக்காது.

நான் ஜன்னலிலிருந்து திரும்பியபோது மேசையின் ஒரு பக்கத்தை மாஸ்டர் பிடித்திருந்தார், இன்னொரு பக்கத்தை அக்கா.