லென்ஸுக்கு ஓர் ஒத்தடம்

ஆயுள் முழுக்க இயற்பியல் நடத்தியவன் நான். ஆவி, அது இது என்று யாராவது பேச்செடுத்தால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவேன். அதனால் இதைப் படித்து நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

ஓய்வு பெற்றதும் நெபுலாக்களை, அதாவது விண்வெளியின் வாயு மேகங்களை, படமெடுக்கும் பைத்தியம் பிடித்தது. கோவையின் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாதென்பதால், அன்னூரைத் தாண்டி இருக்கும் மைத்துனர் தோட்டத்துக்கு நானும் என் மனைவி சரஸ்வதியும் போவோம். டெலஸ்கோப் கிடையாது, கேமரா லென்ஸ்தான். நெபுலா கண்ணுக்கே தெரியாத மங்கல். நூற்றுக்கணக்கில் படமெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் மெல்ல வெளியே வரும். மார்கழிப் பனி லென்ஸை மூடிவிடும். அதற்கு அவள் கல்லுப்பை வறுத்து, துணியில் முடிந்து, லென்ஸைச் சுற்றிக் கட்டுவாள். மூட்டுவலிக்குக் கொடுக்கிற அதே ஒத்தடம்தான். பனி அண்டாது.

ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தை வளைத்துக்கொண்டு பெரிய சிவப்பு வளையம் இருக்கிறது என்று சொன்னேன். அண்ணாந்து பார்த்தவள், “ஏனுங்க, அங்க ஒண்ணுமே இல்லீங்களே. படத்துல வந்தாத்தானுங்க நம்புவேன்” என்றாள்.

ஒருமுறை முடிச்சு அவிழ்ந்து, உப்பு உள்ளே போய் ஃபோகஸ் வளையம் நறநறத்தது. கூட வந்திருந்த நண்பர்கள் முன்னால், “உன்ற வைத்தியத்த அடுப்பங்கரையோட வெச்சுக்க” என்றேன். அதன் பிறகு அவள் தோட்டத்துக்கு வரவில்லை. நான் அழைக்கவும் இல்லை. படம் எடுத்துக் காட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அடுத்த மார்கழியில் புது லென்ஸும், பேட்டரியில் சூடாகும் பட்டையும் வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். அந்தச் சிவப்பை எடுத்தே தீருவதென்று. கேமராவை ஓடவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன் தூங்கிப்போனேன். விழித்தபோது ஓரியன் மேற்கே இறங்கியிருந்தது. கார், முக்காலி, என் குல்லா எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. பேட்டரி எப்போதோ தீர்ந்து பட்டை சில்லிட்டுக் கிடந்தது. அதற்குள் இருந்த லென்ஸ், நம்பினால் நம்புங்கள், வெதுவெதுப்பாக இருந்தது. கண்ணாடியில் ஒரு துளி ஈரமில்லை.

வீட்டில் படங்களை அடுக்க அடுக்க, கறுப்பிலிருந்து சிவப்பு கசிந்து, அத்தனை நட்சத்திரங்களையும் அணைத்தபடி வளையம் எழுந்து வந்தது. எவ்வளவு நேரம் கைகூப்பி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

மைத்துனரிடம் சொன்னேன். “தூக்கக் கலக்கமுங்க மாமா” என்றார். இருக்கலாம்.

ஆனால் அன்றிலிருந்து அந்தப் புது லென்ஸும் நறநறக்கிறது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, “உள்ள உப்புங்க சார். கடற்கரைக்குக் கொண்டுபோனீங்களா?” என்று கேட்டார்.

சுத்தம் செய்ய வேண்டாம் என்று அப்படியே வாங்கிவந்துவிட்டேன்.