லைன் அக்காவின் கடைவாய்ப் பல்

லிஃப்ட் கம்பெனியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள், லிஃப்டே இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தாள். இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் கிடையாது. இடுப்பு ஒழுங்காக இருந்தவரை அவளும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான். மாடிக்குப் பதினெட்டாக ஐம்பத்து நான்கு படிகள். அவற்றை அவள் கடைசியாக இறங்கி ஒன்பது வாரம் ஆகியிருந்தது.

லிஃப்டை ஓட்டுவதோ ரிப்பேர் பார்ப்பதோ அவள் வேலை அல்ல. லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். அவள் மேஜையில் மணி அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். "லைன்லயே இருங்க, நானும் லைன்லதான் இருக்கேன்" என்று வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, கம்பெனியில் அவளுக்கு லைன் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்த வேலைக்கென்று சில சட்டங்கள் உண்டு. ஆள் வர எத்தனை நிமிடம் ஆகும் என்று சொல்லக் கூடாது. சொன்ன நிமிடம் கடந்தால் உள்ளே இருப்பவர் உடைந்துபோவார். பயப்படாதீர்கள் என்று சொல்லக் கூடாது. அதுவரை பயப்படாதவருக்கும் அப்போது பயம் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவைத் தொட விடக் கூடாது. அடைபட்டவரை லிஃப்ட் ஒன்றும் செய்வதில்லை. கதவை நெம்பித் தானே வெளியே குதிக்கப் பார்க்கும் அவசரம்தான் ஆளை முடமாக்கும்.

ஒரு முறை ஒரு பாட்டு வாத்தியார் மாட்டிக்கொண்டார். மணி அடித்து அவள் வாய் திறப்பதற்குள், "நான் நல்லாத்தான் இருக்கேம்மா, நீங்க மத்தவங்களைப் பாருங்க" என்றார். இன்னொரு லைனில் ஒரு பெண் அலறிக்கொண்டிருந்ததால் லைன் அக்கா அந்தப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது வாத்தியார் குடையால் கதவை நெம்பிக் குதித்துவிட்டிருந்தார். தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. கம்பெனி அவளைக் குறை சொல்லவில்லை. அவள்தான் தன்னை விடவில்லை. அன்றிலிருந்து, கேட்டவுடனே நல்லா இருக்கேன் என்பவரை அவள் நம்புவதே இல்லை. கம்பெனித் தாளில் இல்லாத ஒரு கேள்வியைத் தானாகச் சேர்த்துக்கொண்டாள்: "இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?" வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லத் தயாராக இருப்பவரும் இந்தக் கேள்விக்கு ஒரு நொடி தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தில்தான் நிஜக் குரல் வரும்.

இப்படி ஊரார் அடைபட்டதற்கெல்லாம் ஆறுதல் சொன்னவளை அவள் இடுப்பே அடைத்துப் போட்டது. "மூட்டு தேஞ்சுபோச்சு, எலும்பும் எலும்பும் உரசுது, மாத்தித்தான் ஆகணும்" என்றார் டாக்டர். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு தேதியும் கொடுத்தார்கள். அதற்கு முந்தின வாரம் சிறுநீரில் கிருமி என்று தெரிந்து அந்தத் தேதி கைநழுவியது. உடம்பில் எங்கே கிருமி இருந்தாலும் ரத்தத்தோடு போய்ப் புது மூட்டில் குடியேறிவிடுமாம். குடியேறினால் மருந்துக்குப் பிடிகொடுக்காதாம். மறுபடி அறுத்து மூட்டையே கழற்ற வேண்டியிருக்குமாம். எல்லாம் நியாயம்தான். ஆனால் ஐந்து மாதம்! சமையலறை, படுக்கையறை, குளியலறை, மறுபடி சமையலறை. ஜன்னலில் எதிர்க் கட்டடத்தின் படிக்கட்டுப் பக்கம் தெரியும். அங்கே லிஃப்டின் வெளிச்சம் மாடி மாடியாக ஏறி இறங்குவதை ஊன்றுகோலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டு நிற்பாள். சில நாள் அதைப் பார்த்தே அழுதிருக்கிறாள்.

இரண்டாவது தேதி வந்ததும் வீடு அமர்க்களப்பட்டது. மகளுக்குக் கிடங்கு ஒன்றில் சரக்குச் சரிபார்க்கும் வேலை. வீட்டையும் அவள் கிடங்காகத்தான் பார்ப்பாள். இருபத்து மூன்று வரிகளில் ஒரு பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். கால் தடுக்கும் விரிப்புகளைச் சுருட்டு. பாத்திரங்களை இடுப்பு உயரத் தட்டுக்கு மாற்று. குளியலறையில் கைப்பிடி. காலைச் செருப்புக்குள் நுழைக்க நீளக் கைப்பிடித் தகடு. குனியாமல் பொருளெடுக்கும் இடுக்கிக் கோல். கடைசி ஐந்து நாள் குளிக்கக் கிருமிநாசினிச் சோப்பு. பதினேழாவது வரியில் ஒரே ஒரு சொல்: பல்.

"பல் டாக்டர்கிட்ட போகணும்மா. ஆஸ்பத்திரித் தாள்ல போட்டிருக்கு" என்றாள் மகள்.

"போன வருஷம்தானே போனேன். ஐம்பத்து நாலு படி இறங்கி வாயைத் திறந்து காட்டிட்டு, மறுபடி ஐம்பத்து நாலு படி ஏறணுமா? டிக் போடு."

மகள் டிக் போட்டாள். சரக்குச் சரிபார்ப்பவள் பெட்டியைத் திறந்து பார்க்காமல் டிக் போட்டது அநேகமாக அதுதான் முதல் முறை. அம்மாவின் குரல் அப்படி. இருபத்தாறு வருடம் மனிதர்களை நம்ப வைத்த குரல்.

கணவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவர், மனைவியின் முகத்தை மட்டும் உத்தேசமாகத்தான் பார்ப்பார். மனசு தங்கம், கை மட்டும் சொன்னதற்கு மேலேயே செய்யும். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்து கட்டில், நாற்காலி, கழிப்பறை எல்லாவற்றையும் அளந்து, "கட்டில் காலுக்கு ஒரு கட்டை வெச்சு உயர்த்துங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒன்று போதும் என்றால் இரண்டு இன்னும் நல்லது என்பது இவர் கணக்கு. அன்று மாலை கட்டிலில் ஏற்றி உட்கார வைத்ததும் அவள் கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கின.

"என்னங்க, இது கட்டிலா, பரணா?"

"ஆபரேஷனுக்கு அப்புறம் குனியக் கூடாதும்மா. உயரமா இருந்தா உனக்குத்தானே நல்லது."

"நல்லதுதான். இறக்கி விட யாரு வருவா?"

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் அவர், உண்மையான அன்போடு. கட்டையைக் கழற்றித் தர ஒரு தச்சரிடம் சொல்லியிருந்தார்கள்; நாளையே வருகிறேன் என்று அவரும் தினமும் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதுவரை ஏறவும் இறங்கவும் கணவர் வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பதினெட்டு நாள் இருக்கையில் பல் ஆரம்பித்தது. இடது பக்கம், கீழ்வரிசை, கடைவாய்ப் பல். முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. பிறகு எது பட்டாலும் சுரீர். ஈறு வீங்கி நாக்குக்குத் தட்டுப்பட்டது. அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டாள். சொன்னால் தேதி போகும், தேதி போனால் இன்னும் ஐந்து மாதம் இந்த மூன்று அறை. பல்தானே, தானாக அடங்கும் என்று உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள்.

"என்ன, தொண்டை வலியா?" என்று கணவர் ஹாலிலிருந்து கேட்டார்.

"வாய் சுத்தமா இருக்கணுமாம். தாள்ல போட்டிருக்கு."

"அப்போ நல்லாக் கொப்பளி."

ஆஸ்பத்திரி நர்ஸ் செவ்வாய்க்கிழமை தோறும் பதினோரு மணிக்குப் போன் செய்வாள். கையில் தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்பாள் என்பது குரலிலேயே தெரியும். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, தோலில் புண் உண்டா, பல்லில் வலி உண்டா? தாளைப் பார்த்துக் கேள்வி கேட்பவளின் காது எப்படி வேலை செய்யும் என்று லைன் அக்காவை விட யாருக்குத் தெரியும்? பதில் அதிகச் சீக்கிரமும் வரக் கூடாது, இழுக்கவும் கூடாது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் நான்கு தடவை, நான்கு விதமாக, இல்லை என்றாள். பல்லுக்கு மட்டும் ஒரு சிரிப்பையும் சேர்த்துக்கொண்டாள். "இந்த வயசுல பல்லு இருக்கறதே பெரிசும்மா."

நர்ஸும் சிரித்து டிக் போட்டாள். போனை வைத்ததும் லைன் அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே திருப்தியாகவும் இருந்தது. அதுதான் அதைவிட வெட்கம்.

அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு பக்கக் கன்னம் கனக்க ஆரம்பித்துவிட்டது. நான்கு நாளாக மெல்லும்படி எதையும் வாயில் வைக்கவில்லை. கண்ணாடிக்காரர் கண்டுபிடிக்கவில்லை. "இளைச்சிருக்கே, டாக்டர் சந்தோஷப்படுவார்" என்று பாராட்டினார்.

அன்று காலை அவளைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, கடையில் ஒருவருக்குக் கண்ணாடி கொடுத்துவிட்டு வருகிறேன், பத்து நிமிடம் என்று போனார். நிமிடக் கணக்குச் சொல்லாதீர்கள் என்று அவருக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். பத்து நிமிடம் ஐம்பது நிமிடமாயிற்று. குளியலறைக்குப் போக வேண்டும். கால் தரைக்கு எட்டவில்லை. ஒன்றரை சாண்தான் இருக்கும். பல் மண்டைவரை தெறித்தது. வழுக்கி இறங்கிவிடலாமா என்று விளிம்புவரை நகர்ந்துவிட்டாள். இதைத்தானே இருபத்தாறு வருடம் செய்யாதீர்கள் செய்யாதீர்கள் என்று கத்தினாள்! ஊருக்குத்தான் உபதேசம். விளிம்பைப் பிடித்தபடி, அப்படியே பின்னால் நகர்ந்தாள்.

அப்போது அலமாரி மேலிருந்த போன் அடித்தது. மணி பதினொன்று. இடுக்கிக் கோலை நீட்டி, இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை போனைக் கவ்வி மடியில் போட்டாள்.

"வணக்கம்மா, எப்படி இருக்கீங்க?" என்றாள் நர்ஸ்.

"நல்லா இருக்கேம்மா" என்றாள் உடனே.

காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. புண் இல்லை. பல்லுக்கும் இல்லை. இன்னும் ஒன்பதே நாள். நர்ஸ் தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"போன வாரம் வீட்டுக்கு வந்து எடுத்த ரத்தத்துல இரும்புச்சத்து கொஞ்சம் குறைச்சலா இருக்கும்மா. சரியாச் சாப்பிடுறீங்களா? இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

லைன் அக்கா வாயைத் திறந்தாள். முட்டை, பழம், கீரை என்று சொல்ல வேண்டியதுதான். சொல்லியிருந்தால் நர்ஸ் நம்பியிருப்பாள். ஆனால் அந்தக் கேள்வி அவளுடையது. எத்தனை பேரிடம் கேட்டிருப்பாள்! எதற்காகக் கேட்டாள் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். குடையை வைத்துக் கதவை நெம்பிக்கொண்டிருந்த பாட்டு வாத்தியாரிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்." குரல் உடைந்துவிட்டது; அந்தத் தொழில்குரல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. "பாலும்மா. வெறும் பால்தான். நாலு நாளா அதான். மெல்ல முடியலை."

"எந்தப் பக்கம்மா?" என்றாள் நர்ஸ்.

"இடது. கடைவாய்ப் பல்லு. வீங்கியிருக்கு. போன தடவை உங்ககிட்ட பொய் சொன்னேன். இந்தத் தடவையும் சொன்னேன்."

நர்ஸ் திட்டியிருந்தால் தேவலை. அவள் நிதானமாகச் சொன்னாள்: இன்றைக்கே பல் டாக்டரைப் பார்க்க வேண்டும், பல்லைச் சரி செய்து கிருமி முழுக்கப் போன பிறகுதான் இடுப்பு. அடுத்த வார வியாழக்கிழமைத் தேதி வேறொருவருக்குப் போகும்.

"அப்போ எனக்கு எப்போ? எத்தனை நாள் ஆகும்?"

"நாள் சொல்ல முடியாதும்மா. ஆனா உங்களை விட்டுட மாட்டோம். நாங்க இங்கதான் இருக்கோம்."

இதே வார்த்தையை எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பாள்! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். கூண்டுக்குள்ளே இருந்து கேட்டால் இந்த வார்த்தை எவ்வளவு சின்னதாக ஒலிக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனாலும் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. "சரிம்மா" என்றாள். போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். அழுது முடிக்கும்போது கணவர் வந்து கதவருகில் நின்றார்.

அவர் கேட்கவில்லை, அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் முறையாகப் பார்ப்பவரைப் போல அவள் கன்னத்தைப் பார்த்தார். "இவ்ளோ வீங்கியிருக்கே" என்றார். "தினம் பார்க்கிறேனே" என்றார். பிறகு அவளை இறக்கிக் குளியலறைக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்து, குனிந்து, கட்டிலின் நாலு காலிலும் மேல் வைத்த கட்டையைத் தானே ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். தச்சருக்காகக் காத்திருக்கவில்லை.

மதியம் பன்னிரண்டரைக்கு வாசல் கதவைத் திறந்தார்கள். படிக்கட்டு அவள் நினைவில் இருந்ததை விட இருட்டாக இருந்தது. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் கைப்பிடிச் சுவர். வலிக்கிற கால் முதலில், அப்புறம் நல்ல கால். அவர் ஒரு படி கீழே, அவள் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினார். பதினெட்டுப் படி முடிந்து இரண்டாவது மாடி வந்தது. அவள் நெற்றியெல்லாம் வேர்வை.

"முடியுதா? நல்லா இருக்கியா?" என்றார்.

பதில் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"இல்லைங்க. ரொம்ப வலிக்குது. நீங்க பேசிட்டே இருங்க" என்றாள்.

காலையில் கடையில் யார் யாருக்கு என்ன கண்ணாடி கொடுத்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டபடி, அடுத்த படியில் காலை வைத்தாள்.