மூன்றாவது படத்தின் முடிவு

ஒரு தாய் தன் மகன் இறந்துவிட்டான் என்று ஏற்று அழ ஆயத்தமாக இருந்தாள். அவளை அழவிடாமல் செய்தது நான். மகன் உயிரோடு இருக்கிறான் என்று அவள் நம்பும்படி, ஓர் ஆங்கிலப் படத்தின் முடிவை மாற்றிச் சொன்னேன். தெரிந்தே சொன்னேன்.

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் நான் ஆங்கிலம் படிப்பித்தவன். சண்டை நின்று பேச்சு நடந்த வருடங்களில், என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், கடற்கரைப் பக்கம் இருந்த தன் வீட்டு முன்அறையில் படம் ஓட்டத் தொடங்கினார். ஒரு பெரிய தொலைக்காட்சி, ஒரு சீடி பிளேயர், இருப்பதற்குப் பலகைகள். தமிழ்ப் படம் எல்லா வீடுகளிலும் ஓடியதால் அவர் ஆங்கிலப் படத்தைப் பிடித்துக்கொண்டார். தமிழில் பேசும் பிரதிகள் எங்கள் பக்கம் வருவதில்லை. அதனால் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு என்னை இருத்தினார். திரையில் ஆள் வாயைத் திறந்தால் நான் தமிழில் சொல்லவேண்டும். பின்னேர அஸர் தொழுதுவிட்டுத் தொடங்கினால், பொழுதுபட மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொல்லுமுன் முடிப்போம்.

நான் அதைக் கெட்டித்தனமாகச் செய்தேன். கப்பல் தலைவனை மீன் ஏலக்காரனைப்போலக் கதைக்கவைப்பேன். விஞ்ஞானி வந்தால் எங்கள் பள்ளிக்கூட அதிபரின் குரல். சனம் விழுந்து சிரிக்கும். படத்தைவிட என் வாய்க்குத்தான் ஆட்கள் வருகிறார்கள் என்று நம்பியிருந்தேன். அந்த நினைப்புத்தான் பிறகு என்னைக் கெடுத்தது.

எல்லாரையும் பிடித்து ஆட்டியது மூன்று பாகமாக வந்த ஒரு விண்வெளிப் படம். பூமியில் தண்ணீர் வற்றிப்போகிறது. வேறு உலகம் தேடி அண்ணனும் தம்பியும் தனித்தனிக் கப்பலில் போகிறார்கள். தாய் பூமியில் இருக்கிறாள். முதல் படம் அவர்கள் புறப்பட்டுப் போவது. இரண்டாம் படத்தில் தம்பியின் கப்பல் இருட்டுக்குள் தொலைந்துபோகிறது. கடைசியில், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அவனுடைய குரல் மட்டும் அண்ணனின் கருவியில் கேட்கிறது. அதோடு படம் முடிகிறது.

அன்று பொடியன்மார் எழும்பவே இல்லை.

"தம்பிக்காரன் இரிக்கானா, மௌத்தா சேர்?" என்று என்னைக் கேட்டான் ஒருவன்.

பின்பலகையில் இருந்தவர் முந்திக்கொண்டார். பாண்டிருப்புக் கரையில் தோணி வைத்திருந்த மீனவர் அவர். "குரல் கேக்குது. செத்தவன் கதைப்பானா?"

"அது ரெக்கோட் அண்ணன்."

"உன்ட மண்ட ரெக்கோட்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சேர், நீங்க சொல்லுங்க. அவன் வருவானா?"

அவருடைய தம்பி சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் வீட்டைவிட்டுப் போனவன். யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதை அந்த நாட்களில் எவரும் சத்தம் போட்டுச் சொல்வதில்லை. அது எனக்குத் தெரியும். மூன்றாவது படம் அப்போது வரவே இல்லை. ஆனாலும் அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணாவது படத்தில வருவான். நான் சொல்றன், இரிந்து பாருங்க," என்றேன்.

"படம் எடுக்கிறவனுக்கே தெரியாது, எங்கட காக்காவுக்குத் தெரிஞ்சிட்டு," என்று, அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றே கூப்பிடும் வீட்டுக்காரர் கேலி செய்தார்.

அந்த வீட்டுக்காரரையும் அவர் வீட்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமியாக வந்த கடல் கொண்டுபோனது. அவரை மூன்றாம் நாள் எடுத்தோம். முகத்தை வைத்து அடையாளம் காண முடியவில்லை. பலருக்கும் சேர்த்துத் தொழுவித்து ஒரே குழியில் அடக்கினோம். அதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

மீனவரின் வீடும் தோணியும் போயின. அவரும் மனைவியும் தாயும் கோயில் பக்கம் ஓடித் தப்பினார்கள். நான் படிப்பித்த பள்ளிக்கூடம் அகதி முகாமாகியது. எங்கள் முஸ்லிம் சனமும் அவர்களுடைய தமிழ்ச் சனமும் அங்கே இருந்தார்கள். அரசாங்கத்துக்குப் போகவேண்டிய விண்ணப்பங்களை நான் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். உடல் கிடைக்காதவர்களையும் இறந்தவர்களாகப் பதியலாம் என்று அறிவித்திருந்தார்கள்.

ஒரு நாள் பகல் மீனவர் தாயைக் கூட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். தாய்தான் கதைத்தாள்.

"சேர், என்ட சின்ன மகனையும் கடல் கொண்டுபோன ஆக்களோட சேத்து எழுதிவிடுங்க."

"அம்மா, அவன் போனது அதுக்கு முந்தியெல்லுவா?" என்றார் மீனவர்.

"தெரியும் மனே. எங்க கிடக்கானோ ஆருக்குத் தெரியும். கடல் எண்டு எழுதினா ஒரு முடிவு. இந்தா, இவ்வளவு சனமும் வாய்விட்டு அழுகுது. நான் மட்டும் அழுதா அவனுக்குக் கூடாது எண்டு வாயப் பொத்திக்கிட்டு இரிக்கன். எனக்கும் அழவேணும் சேர்."

மீனவர் என்னைப் பார்த்தார். "எழுதலாமா சேர்? நீங்க சொன்னாச் சரி."

பொய்யாக ஒரு மரணத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். பிறகு, அவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், "பின்னேரம் பொடியன்மார் அந்த மூணாவது படத்தப் போடப்போறாங்க. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க," என்றேன்.

சொல்லப்போகும் படத்தை ஒருமுறை தனியாகப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். முதல்நாளே பார்த்திருந்தேன். முடிவு எனக்குத் தெரியும். அண்ணன் தம்பியின் கப்பலைக் கண்டுபிடித்துக் கதவைத் திறக்கிறான். ஆசனம் வெறுமையாக இருக்கிறது. தம்பி எப்போதோ இறந்துவிட்டான். அவன் குரலை இயந்திரம் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. அண்ணன் பூமிக்குத் திரும்பிவந்து, தம்பியின் சட்டையைத் தாயின் மடியில் வைத்துவிட்டு, நடந்ததைச் சொல்கிறான். தாய் அழுகிறாள். அண்ணன் பக்கத்தில் இருக்கிறான். நீண்ட நேரம் வேறு ஒன்றும் நடப்பதில்லை.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. அந்தத் தாய் பெண்களோடு முன்வரிசையில் நிலத்தில் இருந்தாள். கதவு திறக்கும் காட்சி வந்தபோது, பின்னாலிருந்து ஒருவன், "சேர் சொன்ன ஆள் இப்ப வாறார்," என்று குரல் கொடுத்தான். எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் சொன்னேன்: "தம்பி இஞ்ச இல்ல. வேற கப்பல்காரர் அவனக் காப்பாத்திக் கொண்டுபோயிட்டாங்க. அவன் சுகமா இரிக்கான்." சட்டை தாயின் மடிக்கு வந்தபோது, "மகன் அடையாளத்துக்கு அனுப்பியிருக்கான். கெதியா வருவானாம். தாய் சந்தோசத்தில அழுறா," என்றேன்.

இரக்கத்தில் சொன்னேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிவந்தேன். இரக்கமும் இருந்தது. ஆனால் கைதட்டல் கேட்ட பிறகு, நான் சொன்னது பிழையாகிவிட்டது என்று அத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதுதான் உண்மை.

பொடியன்மாருக்குப் படம் பிடிக்கவில்லை.

"ஆளக் காட்டாமலே முடிச்சிட்டானே சேர்."

"சந்தோசத்தில அழுறவள் இப்பிடியா மூஞ்ச வெச்சிருப்பாள்? நடிக்கத் தெரியல்ல."

"ரெண்டு படம் நல்லா எடுத்திட்டு மூணாவதக் குப்பையில போட்டுட்டான் மச்சான்."

நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். கண்ணால் கண்டதும் என் வாயால் கேட்டதும் பொருந்தாததால்தான் அவர்களுக்கு அது கெட்ட படமாயிற்று. அந்தப் பழியையும் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன்மேல் போட்டுவிட்டு இருந்தேன்.

மறுநாள் காலை தாய் தனியாக வந்தாள். முகம் தெளிந்திருந்தது. "எழுதவேணாம் சேர்," என்றாள். "குரல் கேக்காட்டியும் புள்ள இரிக்கலாம்தானே. நான் அவசரப்பட்டுட்டன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரி அம்மா," என்றேன்.

சண்டை திரும்பவும் வந்தது. எங்கள் பக்கம் ஓய்ந்து வடக்கே போனது. அங்கே எல்லாம் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன நாளில் கல்முனைச் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். மீனவரும் குடும்பமும் அதற்குள் கடலிலிருந்து தள்ளிக் கட்டிக்கொடுத்த சின்ன வீட்டுக்குப் போயிருந்தார்கள். வடக்கிலிருந்து வந்த சனத்துக்குள் சின்ன மகனும் இருப்பான் என்று நம்பி, தாய் அவனுடைய புகைப்படத்தை எடுத்துக்கொண்டு வவுனியாவுக்கு பஸ் ஏறினாள். கம்பி வேலிக்குள் சனத்தை வைத்திருந்த முகாம்கள் ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று படத்தைக் காட்டினாள். ஒருமுறை அல்ல. போய்வந்து, உடம்பு தேறியதும் மறுபடி போவாள். கடைசித் தடவை வெயிலில் வரிசையில் நின்று விழுந்தவளை அங்கிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து மீனவர் கூட்டிவந்தார். அதற்குப் பிறகு அவள் எழும்பவில்லை.

மரண வீட்டுக்குப் போனேன். மீனவர் என்னை ஒரு பக்கமாக அழைத்துப்போனார்.

"கடைசியாவும் அதத்தான் கேட்டா சேர். 'அந்தப் படத்தில தம்பிக்காரன் இரிந்தான்தானே' எண்டு. ஓம் அம்மா எண்டன்."

உண்மையைச் சொல்ல, முப்பத்தோராம் நாள் முடியட்டும் என்று காத்திருந்தேன். உண்மையில், தைரியம் வரட்டும் என்று காத்திருந்தேன்.

பிறகு ஒரு பின்னேரம் அந்தப் படத்தைத் தேடி வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "அண்டைக்கு நான் பிழையாச் சொன்னன். திரும்பப் போட்டுச் சரியாச் சொல்லவேணும்," என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு நிலத்தில் இருந்தார். நான் கதிரையில் இருக்காமல் பக்கத்தில் இருந்தேன்.

இந்தமுறை கேலிக் குரல் எதுவும் போடவில்லை. சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். கதவு திறந்தது. "தம்பி செத்துப்போயிட்டான். குரல் பழையது. மெசின் அனுப்பிக்கிட்டு இரிக்கி," என்றேன். சட்டை மடிக்கு வந்தது.

"இவ சந்தோசத்தில அழுறா எண்டு சொன்னீங்க," என்றார்.

"ஓம். அது பொய்."

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"ஓம்."

படம் முடிந்து எழுத்துகள் ஓடத் தொடங்கின. அவர் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதத்தானே அந்தப் பொடியனுகள் குப்பை எண்டாங்க?"

"ஓம்."

"நல்ல படம் சேர்," என்றார். "அண்ணன்காரன் வந்து தாய்ட்டச் சொல்லிட்டுப் பக்கத்தில இரிக்கான். அவ்வளவுதான் செய்யவேண்டியிரிந்தது. எங்கட அம்மா கேட்டதும் அதத்தானே."

எங்கள் மார்க்கத்தில் மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதன் மன்னித்துப் பொருந்திக்கொள்ளாமல் ஆண்டவனிடம் மன்னிப்பு இல்லை. "பொருந்திக்கங்க," என்று அவருடைய கையைப் பிடித்தேன். அவர் கையை இழுக்கவில்லை.

"என்னட்டக் கேக்கிறீங்க. நான் சொல்றது லேசு சேர். நீங்க கேக்கவேண்டியது அம்மாட்டயெல்லுவா?"

அன்றைய ரசிகர்களில் யாரைக் கண்டாலும் இப்போது உண்மையைச் சொல்கிறேன். ஒருவன் வங்கியில் வேலை செய்கிறான். "அந்தப் படமா? விடுங்க சேர், அது அண்டைக்கே சரியில்லாத படம்," என்று சிரித்தான். விளக்கமாகச் சொன்னேன். அவன் வரிசையில் நின்ற அடுத்த ஆளைப் பார்த்தான்.

சில மாதங்களுக்குப் பிறகு மீனவர் தம்பிக்குக் கருமம் செய்தார். உடல் இல்லாதவனுக்குத் தருப்பைப் புல்லில் உருவம் செய்து எரிக்கலாம் என்று ஐயர் சொல்லியிருந்தாராம். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. கேள்விப்பட்டுப் போய் வேலிக்கு வெளியே நின்றேன். புல் என்பதால் சீக்கிரம் எரிந்து முடிந்தது. பெண்கள் பெருங்குரலில் அழுதார்கள். அழுதவர்கள் எல்லாரும் அவருடைய மனைவி பக்கத்து உறவுகள். தம்பியை நேரில் கண்டவர்கள் அவர்களில் எவரும் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

மீனவர் என்னைக் கண்டு வெளியே வந்தார். படையல் சோறு நான் சாப்பிடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு இளநீரைச் சீவிக் கொண்டுவந்து தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். பொருந்தினேன் என்ற சொல்லை அவர் அன்றும் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.