குழாய்க்காரர் கட்டிய மேடைகள்

மரத்துக்கு ஆசிட் ஊற்றினாராம்! ஊற்றியதை யார் பார்த்தார்கள்? மாடி வீட்டு டீச்சர் பார்த்ததெல்லாம், குழாய்க்காரர் பட்டப்பகலில் மரத்தடி மேடையில் கம்பியால் ஓட்டை போட்டதைத்தான். ஓட்டையைக் கண்ணால் பார்த்தவர், ஆசிட்டை வாயால் ஊற்றிவிட்டார்.

அந்தத் தூங்குமூஞ்சி மரத்துக்கு இருபது வருஷமாகத் தண்ணீர் விட்டவரே அவர்தான். வேலை முடிந்து வந்ததும் வராததுமாக, அழுக்குச் சட்டையோடு டியூபை இழுத்துக்கொண்டு போவார். "பெத்த பிள்ளைக்குக்கூட இந்த மனுஷன் ஒரு வாய் ஊட்டினதில்ல" என்று மனைவி அலுத்துக்கொள்வாள்.

வண்டிகள் இடித்துப் பட்டை உரிகிறதே என்று, மூன்று வருஷத்துக்கு முன் அவரே செங்கல் வாங்கி, மரத்தைச் சுற்றி இடுப்பளவு மேடை கட்டினார். உள்ளே மண்ணை நிரப்பி, மேலே சிமெண்ட் பூசி, தண்ணீர் இறங்க ஒரு குழாயும் செருகினார். தெருவே மெச்சியது. "எங்க மரத்துக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்கண்ணே" என்று பக்கத்து மூன்று தெருக்காரர்களும் வந்தார்கள். கட்டிக் கொடுத்தார்.

இந்த வருஷம் இலையெல்லாம் பழுத்துக் கொட்டியது. நர்சரிக்காரரைக் கூட்டிவந்து காட்டினார்.

"யாருய்யா இந்த மகராசன்? மரத்தைக் கழுத்து வரைக்கும் புதைச்சு வெச்சிருக்கான்! வேருக்கு மூச்சில்ல. உள்ள பட்டை அழுகியிருக்கும்."

அன்று அவர் சாப்பிடவில்லை. மேடையை உடைக்கக் கிளம்பினால், உட்கார இடம் போய்விடும் என்று தெருவில் விடவில்லை. காற்றாவது போகட்டும் என்றுதான் ஓட்டை போட்டார்.

ஆசிட் பேச்சு அவருக்கு முன்னால் நடந்து போய்விட்டது. மற்ற மூன்று மேடைகளையாவது உடைக்கலாம் என்று போனால், "எங்க மரத்துக்கும் ஊத்தவா வந்தீரு?" என்று விரட்டினார்கள்.

"நான் ஊத்தலன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே?" என்றாள் மனைவி. கடைக்குப் போனால் அவளைக் கண்டதும் பேச்சு நின்றுவிடுகிறது.

"என்னன்னு சொல்ல? ஆசிட் ஊத்தல, தண்ணி ஊத்தியே கொன்னேன்னா?"

கடைசியில் பட்டுப்போன மரத்தை வெட்ட மாநகராட்சி ஆட்கள் வந்தார்கள். மேடையைப் பெயர்த்ததும், நனைந்த அட்டைப் பெட்டி மாதிரி அடிப்பட்டை கையோடு வந்தது. சாயங்காலம் டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

"தப்பா நெனச்சுட்டோம்ணே. அழுகல்தானாம்."

"அதை அந்த மூணு தெருவுலயும் வந்து சொல்றீங்களா டீச்சர்? உடைக்க விடுவாங்க."

"நான் எப்படிண்ணே வர்றது… நாலு பேர் என்னை என்ன நெனப்பாங்க?"

குழாய்க்காரர் உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"தனியாப் போனா அடிப்பாங்க" என்றாள் மனைவி.

"அடிக்கட்டும். ஒண்ணையாவது உடைச்சுட்டு வாங்கிக்கறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். டீச்சர் ஒதுங்கி வழிவிட்டார்.