மடிப்புக்கு இரண்டு இஞ்ச்

வேலையாட்கள் தெருமுனையைத் தாண்டியதும் அவர் வாசலில் கொட்டிக் கிடக்கும் மணல் குவியலுக்கு வருவார். உள்ளங்கையால் தடவித் தடவி அதைச் சமன் செய்வார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஏழு பொத்தான்களை எடுத்து, உச்சியில் ஒன்றும் சுற்றிலும் ஆறுமாகப் பதித்து வைப்பார். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே வந்து, ஏழும் வைத்த இடத்தில் இருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பார். மூன்று முறை கலைந்திருந்தன. மூன்று முறையும் பூனைதான் என்று காலடித் தடத்தைக் காட்டியே சொன்னேன். "சரி, அந்தப் பூனைய யார் அனுப்பினா?" என்றார். இப்படிக் கேட்கிறவரிடம் மேற்கொண்டு என்னத்தைப் பேசுவது?

இவர் என் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். வீட்டு முன்னறையிலேயே கடை வைத்து முப்பத்தைந்து வருடமாகத் துணி தைக்கிறார். அந்த வீட்டின் சமையலறையை இடித்துக் கட்டும் வேலை "மூணே வாரம்" என்று தொடங்கி, பத்து வாரத்தையும் தாண்டிவிட்டது. அடுப்பில்லாத வீட்டுக்கு அடுத்த தெருவிலிருந்து தினமும் சாப்பாடு கொண்டுபோனவன் நான். அதனால் இந்த மனிதரை மிக அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம், வேண்டாமென்றாலும், எனக்கு வாய்த்தது. சாப்பாட்டையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். "இன்னைக்கு உப்பு கூட. உங்க வீட்ல ஏதும் தகராறா சகலை?" அன்றைக்குத் தகராறு இருந்தது என்பது வேறு விஷயம்.

அவர் சந்தேகப்படாத பொருள் அந்த வீட்டில் இல்லை. சிமென்ட் மூட்டை பாதி தீர்ந்ததும் அதன் வாயைச் சிவப்பு நூலால் தானே தைத்து மூடுவார். மறுநாள் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்ப்பார். "என் கைத்தையல வேற எவனும் போட முடியாது" என்று பெருமை வேறு. ஏன் இப்படி என்று கேட்டால் ஒளிக்காமல் பதில் சொல்வார். "நானும் வெட்டுற தொழில்தானே பண்றேன்? வெட்டுனா மிச்சம் வரும். மிச்சம் எங்க போகும்னு எனக்கா தெரியாது?" பாம்பின் கால் பாம்பறியும். அவர் வீட்டுத் தலையணை உறைகள் எல்லாமே பலவண்ணத் துண்டுகளால் ஆனவை. அதில் ஒன்றில் என்னுடைய சாம்பல் நிறக் கால்சட்டைத் துணியை நானே அடையாளம் கண்டிருக்கிறேன். கேட்கவில்லை. உறவு முக்கியம்.

சமையலறை கூடத்துக்கு வந்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டி தையல் இயந்திரத்தோடு தோள் உரசிக்கொண்டு நின்றது. தட்டுகளைக் குளியலறையில் கழுவினார்கள். இஸ்திரி மேசைமேல் மின்கெட்டில். ஒரு வாடிக்கையாளர் தன் கோட்டுப் பைக்குள் கரண்டி ஒன்று இருந்ததாகத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கு தொட்டாலும் வெள்ளைத் தூசி. கறுப்புத் துணி தைக்க வந்தவர்களை எல்லாம் இவர் ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

இத்தனை பாடும் அவர் மனைவிக்காக. போன வருடம் அந்த அம்மாளுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. இடக்கை மட்டும் நன்றாக இருக்கிறது. மற்றபடி சக்கர நாற்காலி. பழைய மேடை நிற்பவர்களுக்குக் கட்டியது. உட்கார்ந்தபடியே சமைக்கிற மாதிரி தாழ்வாக, கீழே நாற்காலி நுழைகிற மாதிரி காலியாக ஒரு மேடை வேண்டும். இல்லாவிட்டால் அந்த அம்மாள் இந்த வீட்டில் இருக்கப்போவதில்லை. வெளியூரில் இருக்கும் மகள் ஃபோனில் சொல்லிவிட்டாள். "மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வருவேன். அம்மா தன் கையால ஒரு டீ போட்டுக் காட்டணும். முடியலைன்னா என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்க வேணும்னா உங்க கடையக் கட்டிக்கிட்டு அங்கயே கிடங்க." தகப்பன் மாதிரிதான் மகளும் பேசுவாள்.

மேடை கட்ட வந்த மேஸ்திரிக்கு இவர் வைத்த பெயர் 'நாளைக்கு'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில் என்பதால். முதல் நாளே முட்டிக்கொண்டது. மேஸ்திரி இடுப்பிலிருந்து இரும்பு டேப்பை உருவ, இவர் கையைப் பிடித்துவிட்டார். "அத உள்ள வை. உன் டேப்பு உன் பேச்சுதான் பேசும். அளவு நான் தரேன், நீ வெட்டு." மனைவியை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, புதுத்துணிக்கு எடுப்பதுபோலவே அளவு எடுத்தார். தரையிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து விரல் நுனி, மடியின் உயரம். எல்லாவற்றையும் கடையின் அளவுப் புத்தகத்தில் எழுதி, சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். நகலைப் பத்திரமாகப் பூட்டி வைத்தார்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் சந்தேகம் ஒருமுறை பலித்தது. சுவருக்கு வந்த டைல்ஸ் பெட்டிகளில் இரண்டை வெயிலில் தூக்கிப் பிடித்து, "இது ஒரே தான்ல வெட்டினது இல்ல" என்றார். ஒரே துணிச்சுருளில் வந்த துண்டா, வேறா என்று பார்க்கும் கண் அது. எனக்கு இரண்டும் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தன. கடைக்காரர் வந்து பார்த்து, வேறு வேறு சரக்கு கலந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். அந்த வெற்றிக்குப் பிறகு மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மேடை எழும்பியது. கல் பதித்து, ஈரம் காய்ந்து, அடுப்பை ஏற்றி, நாற்காலியை உள்ளே தள்ளினோம். நாற்காலி அழகாக நுழைந்தது. ஆனால் பாத்திரத்தை வைத்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. எட்டி எட்டிக் கிண்டியதில் இரண்டு நிமிடத்தில் தோள் விட்டுப்போய், கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். நாற்காலியைத் தானே பின்னுக்குத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இவர் அளந்து பார்த்தார். இரண்டு இஞ்ச் கூட.

"ஏமாத்திட்டான்!" என்று குதித்தார். மேஸ்திரி சீட்டை எடுத்துக் காட்டினார். "நீங்க எழுதினதுதான் டெய்லரே. முப்பதுன்னு இருக்கு, முப்பது வச்சிருக்கேன்." சீட்டையே மாற்றி எழுதிவிட்டான் என்றார் இவர். நகலைத் திறந்தால் அதிலும் முப்பது. அப்படியானால் பூட்டைத் திறந்து நகலையும் மாற்றியிருக்கிறான் என்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால். மேஸ்திரி தன் கொத்துக்கரண்டியைக் கழுவிப் பைக்குள் போட்டார். "கல்லத் திருடினேன்னு சொல்லுங்க, பொறுத்துக்கறேன். கள்ளக் கையெழுத்து போட்டேன்னு சொன்னா, நான் வேற வேலையப் பாக்கறேன்" என்று போய்விட்டார். அதன்பின் ஃபோனையும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்தே நாள்.

மறுநாள் மதியம் நான் சாப்பாட்டோடு போனபோது அந்த அம்மாள் மடியில் அளவுப் புத்தகம் இருந்தது. முப்பது வருடம் அவர்தான் அந்தக் கடையின் மடிப்பு வேலையும் பொத்தான் வேலையும் பார்த்தவர். கணவர் எழுதும் அளவில் எவ்வளவு நிஜம், எவ்வளவு உள்ளே மடிப்பதற்கு என்று அவருக்குத்தான் தெரியும். புத்தகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார். "ஏங்க, இதுல மடிப்புக்கு விட்டிருக்கீங்களா?"

தையல் இயந்திரம் நின்றது.

"எப்பவும் விடறதுதானே" என்றார் இவர். "கூடினா மடிச்சுக்கலாம். குறைஞ்சா ஒட்ட முடியுமா?" சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. முழங்கை இருபத்தெட்டு. மடிப்புக்கு இரண்டு. ஆக முப்பது.

அந்த அம்மாள் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது, கண்ணில் தண்ணீர் வர, நாற்காலி குலுங்கக் குலுங்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. இவர் மட்டும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் முன்பே பேசி வைத்துக்கொண்டோமா என்ற சந்தேகம்.

சாயங்காலமே மேஸ்திரி வேலை செய்யும் இடத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் நுழையாது. நேராகப் போய், "சட்டை அக்குள்ல கிழிஞ்சிருக்கு. கழட்டிக் குடு, தச்சுத் தரேன்" என்றார். மேஸ்திரி இரண்டு அடி பின்வாங்கினார். இப்போது சந்தேகப்படுவது அவர் முறை.

"எதுக்கு டெய்லரே திடீர்னு பாசம்?"

"பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த அளவுல... மடிப்பு சேர்ந்துபோச்சு."

"கல்லுல ஏதுய்யா மடிப்பு?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். மேஸ்திரி என்னைப் பார்த்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்றார். முதுகு குலுங்கியது. திரும்பியபோது சட்டையைக் கழற்றியிருந்தார். "பதிச்ச கல்ல நெம்பி எடுக்கணும். உடைஞ்சா வேற கல்லுக்கு நாளில்ல. சரின்னா சொல்லுங்க." இவர் சரி என்றார். "எப்ப வருவ?" என்று கேட்டபோது மட்டும் பழைய குரல். மேஸ்திரி, "நாளைக்கு" என்றார். மறுநாள் வந்துவிட்டார்.

கல்லை நெம்பிய அந்த அரைமணி நேரம் ஒருவரும் மூச்சு விடவில்லை. ஒரு மூலை சிதறியது, கல் பிழைத்தது. மேடையைத் தாங்கும் கற்களை வெட்டுவதற்கு முன் இந்த முறை டேப்பே எடுக்கவில்லை. அந்த அம்மாளை நாற்காலியோடு கொண்டுவந்து, இடது முழங்கை எங்கே நிற்கிறதோ அங்கே சுவரில் பென்சிலால் கோடு போட்டார் மேஸ்திரி. இவர் பக்கத்தில் நின்று பென்சில் கூராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அதையாவது பார்க்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை மகள் காலையிலேயே காரில் வந்தாள். வந்ததும் சமையலறைப் பக்கம் போகாமல் படுக்கையறைக்குப் போய், அம்மாவின் துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கிக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். "பாத்தீங்களா சகலை, முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கா" என்று என் காதைக் கடித்தார் இவர்.

உள்ளே நாற்காலி மேடைக்கடியில் நுழைந்தது. இடக்கை அடுப்பைப் பற்றவைத்தது. தண்ணீர் கொதிப்பதை அந்த அம்மாள் மேலிருந்து, ஆமாம், மேலிருந்து பார்த்தார். கொஞ்சம் சிந்தியது. நேரமும் ஆயிற்று. நான்கு தம்ளர் டீ வந்தது. மகள் ஒரு வாய் குடித்தாள், இன்னொரு வாய் குடித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நல்லா இருக்கும்மா" என்றாள். "சரி, இங்கயே இருங்க. ஆனா இப்ப ரெண்டே ரெண்டு நாள் என்கூட வந்து இருந்துட்டு வரலாம்ல?"

"இப்பத்தானடி என் அடுப்பு கைக்கு வந்திருக்கு. பெறகு வரேன்" என்றார் தாய்.

மகள் தலையாட்டினாள். தாயும் மகளும் பேசி முடித்துவிட்டார்கள். விஷயம் தீர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன். என் சகலை டீத்தம்ளரோடு கூடத்துக்கு வந்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், அந்தப் பெட்டியின் மேல் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். மகள் சொல்லிக்கொண்டு கிளம்பி, கார் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை.