முகாமுக்கு ஆறு நாள் இருக்கும்போது

அப்பாவுக்குத் திட்டத் தெரியாது. இருபத்தைந்து வருடம் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். யாராவது குறுக்கே வந்து விழுந்தாலும் “என்னப்பா இது” என்பதோடு நிறுத்திக்கொள்வார். அப்படிப்பட்டவர்தான் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் திட்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

காரணம் என் வாய்தான். ராணுவத்தில் சேர எழுதிப் போட்டு, தேர்வில் தேறி, பயிற்சி முகாமுக்கு வரச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. இரண்டு மாத அவகாசம். “ஓடிருவே, தண்டால் எடுத்துருவே, ஆனா உன் வாய்க்கு மூணாவது நாளே பையத் தூக்கிக் கையில குடுத்துருவானுங்க” என்றாள் அம்மா. நான் சண்டைக்குப் போனேன். சண்டையின் நடுவில்தான் அவள் சொல்வது சரி என்று பட்டது. அதனால் மனப்பயிற்சி என்று ஒன்றை ஆரம்பித்தோம். அப்பா காரணமே இல்லாமல் திட்டுவார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து “யா, துவான்” என்று மட்டும் சொல்ல வேண்டும். சரிங்க ஐயா என்பதற்கு மலாயில் அப்படித்தான்.

முதல் நாள் அப்பா வெகு நேரம் யோசித்துவிட்டு, “நீ சோத்த சிந்துறே” என்றார்.

“இதெல்லாம் ஒரு திட்டாப்பா?”

“பாத்தியா, பதில் பேசிட்டே.”

பிறகு அம்மாவிடம் கேட்டுக் கேட்டுத் திட்டினார். சோம்பேறிக் கழுதை, துப்பு கெட்டவளே எல்லாம் அம்மாவின் கையிருப்பு. ஒரு மாதத்தில் எவ்வளவு திட்டினாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கப் பழகிவிட்டேன். உள்ளே கொதிக்கும். அது கொதித்துவிட்டுப் போகட்டும்.

உடம்பைப் பழக்குவது அதைவிடச் சுலபம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, நாள் முழுக்க நாற்காலி. விடிகாலையில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து காப்பார் சாலைப் பக்கம் ஓடுவேன். அப்பா பின்னாலேயே மோட்டாரில் வருவார், முதல் கியரில், கால் இரண்டையும் தரையில் உரசிக்கொண்டு. நாய் துரத்தினால் ஹாரன் அடிப்பார், எனக்கு மூச்சு வாங்கினாலும் ஹாரன் அடிப்பார். ஆரம்பத்தில் தாமானின் கடைசி வரிசை வீடுகளைத் தாண்டுவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இரண்டு மாதத்தில் முகாமில் கேட்கிற தூரத்தைக் கேட்கிற நேரத்துக்குள் ஓட முடிந்தது.

அது முடிந்தே ஆக வேண்டும். முகாமில் பெயர் பதியும் அன்றைக்கே மறுபடியும் உடம்பைச் சோதிப்பார்கள், ஓடவும் விடுவார்கள். தேறாதவர்கள் அன்று மாலையே வீட்டுக்கு. எனக்கு வயது வரம்பு நெருங்கிவிட்டதால் இன்னொரு முறை எழுதிப் போட வழியில்லை.

போகும் காரணத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தேன். அரசாங்க வேலை, பென்ஷன் உண்டு, அப்பாவுக்கும் ஆசை. அதைச் சொன்னால் மேலே யாரும் கேட்கமாட்டார்கள்.

கடிதம் வந்தால் பால்குடம் எடுப்பதாக அம்மாவிடம் ஏற்கனவே சொல்லியிருந்தேன். நானும் எடுக்கிறேன் என்றாள் அவள். பிரிக்ஃபீல்ட்ஸ் போய் ஒரே மாதிரி இரண்டு மஞ்சள் சேலை, இரண்டு சொம்பு வாங்கிவந்தோம். கிள்ளானில் நாங்கள் போகிற அம்மன் கோயிலில் திருவிழா, முகாமுக்குக் கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது வந்தது.

எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய ஊர்வலம் பத்தரைக்குத்தான் கிளம்பியது. உறுமி மேளக்காரர்கள் வந்த வேன் வழியில் நின்றுவிட்டதாம். நாங்கள் தலையில் பாலோடு வெறுங்காலில் நின்றோம். வெயில் ஏறிவிட்டது. இதற்கென்று ஒரு தண்ணீர் லோரி ஊர்வலத்துக்கு முன்னால் போகும். சாலையின் இடது ஓரத்தை நனைத்துக்கொண்டே போகும். அந்த ஈரத்தில்தான் எல்லாரும் வரிசையாக நடப்பார்கள். வருடா வருடம் குடம் எடுக்கிற அம்மாவும் அப்படித்தான் நடந்தாள்.

நான் மட்டும் நடுச்சாலையில் நடந்தேன். ஈரத்தில் முண்டியடித்துக்கொண்டு போகிற கூட்டத்தைப் பார்த்து ஒரு இளக்காரம். இரண்டு மாதம் ஓடியவளுக்கு இந்தத் தார் என்ன செய்யும் என்ற மிதப்பு. முதுகை நிமிர்த்தி, முட்டி மடக்காமல், அணிவகுப்பு மாதிரி நடந்தேன்.

“ஓரமா வாடி, சுடும்.”

“நான் ராணுவத்துக்குப் போறவம்மா.”

பக்கத்தில் நடந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தேன். ஓடிய ஓட்டமெல்லாம் தடித்த சப்பாத்தும் காலுறையும் போட்டு ஓடியது, உள்ளங்கால் பஞ்சாகக் கிடந்தது என்பது கோயில் வாசலில்தான் தெரிந்தது. பாலை அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டு ஒரு அடி எடுத்து வைத்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு உள்ளங்காலிலும் அப்பளம் மாதிரி கொப்புளம்.

கிளினிக்கில் டாக்டர் சுத்தம் செய்து கட்டுப் போட்டுவிட்டு, “பத்து நாளைக்கு நடக்கவே கூடாது” என்றார். ஆறு நாளில் முகாம் என்றேன். முடியாது என்று தலையை ஆட்டினார். அந்தக் கணத்தை நான் வெகு நாள் யாரிடமும் சொல்லத் துணியவில்லை என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் ஆறே நாளில் சொல்லிவிட்டேன், அது பிறகு வருகிறது. டாக்டர் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. போக வேண்டாம். யாரும் என்னைக் கோழை என்று சொல்ல முடியாது, சாமி காரியத்தில் பட்ட காயம். தெரியாத ஊர், தெரியாத ஆட்கள், அதிகாலை விசில், எதுவும் வேண்டாம். காரில் திரும்பும்போது அந்த நிம்மதியை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. அழுதேன். அம்மா வலிக்காக அழுகிறேன் என்று நினைத்தாள்.

அம்மா அந்த ஆறு நாளும் திட்டவே இல்லை. ஓரமா வான்னு சொன்னேனே என்று ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. மருந்து போட்டாள், சோறு ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அது என்னவோ போல இருந்தது. அப்பா என் சப்பாத்தை எடுத்துப்போய் உள்ளே மெத்தென்று ஒரு அட்டை ஒட்டிக்கொண்டு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஏழாம் நாள் காலை மூவரும் காரில் கிளம்பினோம். முகாம் வாசலுக்குப் பக்கத்திலேயே பெற்றோர் காத்திருக்க ஒரு கொட்டகை. தேறாதவர்களை அழைத்துக்கொண்டு போக அங்கேயே இருக்கச் சொன்னார்கள்.

உடல் பரிசோதனைக்கு ஒரு மலாய்க்கார அதிகாரி, பெண். காலைத் தூக்கச் சொன்னார். பழைய தோல் உரிந்து, புதுத் தோல் இளஞ்சிவப்பாக, வெங்காயத் தோல் கனத்தில் இருந்தது. என்ன ஆச்சு என்றார். கோயில், வெயில், தார்ச்சாலை என்று சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. என் முகத்தைப் பார்த்து, முடியுமா என்று ஒரே வார்த்தையில் கேட்டார்.

“போலே?”

கதவு திறந்துதான் கிடந்தது. முடியாது என்றால் கொட்டகையில் அப்பா, அம்மா, மத்தியானத்துக்குள் வீடு. ஆறு நாளாக அந்தப் பதிலைத்தான் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

“போலே, புவான்” என்றேன்.

முடியும் என்று சொன்னது யார் என்று எனக்கே திகைப்பு. ஓடினேன். முதல் சுற்றில் எரிந்தது, இரண்டாவதில் கண்ணில் தண்ணீர், அப்புறம் மரத்துப்போய்விட்டது. கடைசிக்கு முந்தைய ஆளாக, நேரம் முடிய மூன்று நான்கு விநாடி இருக்கும்போது கோட்டைத் தாண்டினேன். மண்ணில் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தேன். அப்படி ஒரு நிம்மதியை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

வீட்டாரிடம் சொல்லிக்கொண்டு வர ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். அப்பா தூரத்திலேயே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, கண்ணைத் துடைக்கக் கார்ப் பக்கம் போய்விட்டார். அம்மா மட்டும் நின்றாள்.

“ஓடிட்டியா?”

“ஓடிட்டேன்மா.”

அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டினாள், விரித்தாள். “உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே. அன்னிக்கு நீ போறதுக்கு நன்றின்னு குடம் தூக்கினே. நான் நீ போகக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத் தூக்கினேன். ஒங்கால் வெந்தப்ப, சாமி என் வேண்டுதலத்தான் கேட்டுச்சுன்னு நெனச்சேன். அதான் ஒன்னத் திட்ட வாய் வரல.”

வேறு நாளாக இருந்தால் அந்தக் கொட்டகையையே இரண்டாக்கியிருப்பேன். அன்று கோபம் வரவே இல்லை. “எனக்கும் கிளினிக்ல நிம்மதியாத்தான் இருந்துச்சு” என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப எதுக்குடி ஓடுனே? அப்பாவுக்காகவா?”

“இல்லம்மா. அப்பாவுக்காகவும் இல்ல, பென்ஷனுக்காகவும் இல்ல. எனக்குப் போகணும்.”

அந்த ஒரு வாக்கியத்தை இரண்டு மாதத்தில் ஒரு தரம்கூட நான் வீட்டில் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மா என் கன்னத்தை வழித்தாள். இறுகிக் கிடந்த அவள் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன்.

“அதை வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னடி? ஒனக்கே வேணும்னா நான் ஏன் வேணாங்கப் போறேன்” என்றாள்.

விசில் ஊதினார்கள். நான் வரிசையைப் பார்த்து நடந்தேன். பின்னால் அம்மா அப்பாவைக் கூப்பிடுவது கேட்டது. “வாங்க, கெளம்பலாம். அவ போறாளாம்.”